ஒரே ஒரு ராத்திரி தங்கப்போன இடம்

ஹெர்மீன் நெதர்லாந்தில், டெவென்டர் நகரத்தில் பேருந்து ஓட்டுபவள். பதினெட்டு மீட்டர் நீளம், நடுவில் மடங்கித் திரும்பும் வண்டி. பன்னிரண்டு வருடமாக ஓட்டுகிறாள். குடித்துவிட்டு ஏறுகிறவன், பரீட்சை முடிந்த குஷியில் ஏறும் பள்ளிக்கூடக் கூட்டம், கதவு இடுக்கில் சைக்கிளைச் செருகிக்கொண்டு வாக்குவாதம் செய்கிறவன், யாராக இருந்தாலும் அவள் குரலை உயர்த்துவதில்லை. தலைக்கு மேலிருக்கும் கண்ணாடியில் ஒரு பார்வை. அவ்வளவுதான், பின்சீட்டு வரை அடங்கிப்போகும். அந்தப் பார்வையைப் பற்றிப் பணிமனையில் கதை கதையாகச் சொல்வார்கள். சொந்த வீட்டில் அது ஒரு நாளும் செல்லுபடியானதில்லை.

மூன்று பிள்ளைகள். மெரெலுக்குப் பதினாறு, யெல்லெவுக்குப் பதினொன்று, லிண்டெவுக்கு நாலு. இடைவெளிகளைப் பார்த்துவிட்டு யாராவது சிரித்தால், "பிளான் பண்ணினது ஒண்ணு, மறந்துபோனது ஒண்ணு, தப்பிப் பொறந்தது ஒண்ணு" என்பாள் ஹெர்மீன். எது எது என்று சொல்லமாட்டாள். பிள்ளைகள் மூன்று பேரும் அதை வைத்து அவ்வப்போது சண்டை போட்டுக்கொள்வார்கள்.

வருடா வருடம் கோடையில் வெளிநாடு போயே தீரவேண்டும் என்பது அவளுடைய பிடிவாதம். அவள் பிறந்தது பால் பண்ணையில். நாற்பது மாடுகள், நாளுக்கு இரண்டு முறை கறவை. வீட்டை விட்டு யாரும் எங்கும் நகர முடியாது. கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் முதல் நாள் டீச்சர் ஒவ்வொருவரையும் எழுப்பி, எங்கே போனாய் என்று கேட்பார். ஒருவன் ஸ்பெயின் என்பான், ஒருத்தி ஆஸ்திரியா என்பாள். ஒன்பது வயதில் ஒரு முறை ஹெர்மீன் எழுந்து, "நாங்க கடலுக்குப் போனோம்" என்றாள். "எந்தக் கடலுக்கு?" என்று டீச்சர் ஆசையாகத்தான் கேட்டார். ஹெர்மீனுக்குப் பதில் தெரியவில்லை. வகுப்பே சிரித்தது. என் பிள்ளைகளுக்கு இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் போகவே கூடாது என்று அன்றைக்கு அவள் சபதம் எடுத்ததாகச் சொல்வாள். ஒன்பது வயதில் யாராவது பிள்ளைகளைப் பற்றிச் சபதம் எடுப்பார்களா என்று யெல்லெ கேட்டிருக்கிறான்.

அந்த வருடம் மெரெல் வரமாட்டேன் என்றாள். அவளுடைய சிநேகிதிகள் நாலு பேர் டெர்ஸ்கெல்லிங் தீவுக்குக் கூடாரம் எடுத்துக்கொண்டு தனியாகப் போகிறார்கள். பெற்றவர்கள் கிடையாது.

"அடுத்த வருஷம் பாக்கலாம்" என்றாள் ஹெர்மீன்.

"அடுத்த வருஷம் பாக்கலாம்னா மாட்டேன்னு அர்த்தம்."

"பிரான்ஸ்ல, ஆர்டெஷ்ல ஆறு இருக்கு, பாறை இருக்கு, குதிச்சு நீந்தலாம். பத்தொன்பது வயசு வரைக்கும் நான்..."

"...நாட்டை விட்டு வெளிய ஒரு ராத்திரி தங்கினதில்ல, தெரியுமா?" என்று யெல்லெவும் லிண்டெவும் சேர்ந்திசை போல முடித்துவைத்தார்கள். லிண்டெவுக்கு அர்த்தம் தெரியாது. ராகம் தெரியும்.

கணவன் வோல்டர் பால் கறக்கும் எந்திரங்களைப் பழுது பார்ப்பவன். புறப்பட நாலு நாள் இருக்கும்போது கூட வேலை செய்பவன் ஏணியிலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்டான். வோல்டரால் ஒரு வாரம் நகர முடியாது. "நீங்க முன்னாடி போங்க, அடுத்த சனிக்கிழமை நான் ரயில்ல வந்து சேந்துக்கறேன். எல்லாம் சரியாயிடும்" என்றான். எதற்கும் அவன் அப்படித்தான். கல்யாணமான புதிதில் அந்த "சரியாயிடும்" ஹெர்மீனுக்கு ஆறுதலாக இருந்தது. இப்போது அதைக் கேட்டாலே கழுத்துக்குப் பின்னால் ஒரு நரம்பு இழுத்தது.

சக்கரம் வைத்த சின்ன வீடு மாதிரியான கேரவனைப் பின்னால் இழுத்துக்கொண்டு கார் ஓட்டுவது அவளுக்கு ஒரு வேலையே இல்லை. பின்சீட்டுத்தான் வேலை.

மாஸ்ட்ரிக்ட் தாண்டுவதற்குள் நடுச்சீட்டு யாருக்கு என்று இரண்டு சண்டை முடிந்துவிட்டது. யாருக்கும் நடுச்சீட்டு வேண்டாம் என்பதுதான் சண்டை. லிண்டெ முள்ளம்பன்றிப் பாட்டைப் போடச் சொன்னாள். அது முடிந்ததும் மறுபடி கேட்டாள். மெரெல் காதை அடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் சாய்ந்தவள், பெல்ஜியம் முழுவதையும் கண்ணை மூடியே கடந்தாள். யெல்லெ போகிற வண்டிகளின் நம்பர் பலகைகளை நாடு வாரியாக நோட்டில் குறித்து, ஒவ்வொரு பத்துக்கும் உரக்க அறிவித்தான்.

லக்சம்பர்க்கில் பெட்ரோல் போட நின்றபோது ஹெர்மீன் மூன்று பேரையும் கேட்டாள். கழிப்பறைக்குப் போக வேண்டுமா? இப்போதே சொல்லிவிடுங்கள்.

"வரல" என்றாள் லிண்டெ.

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சேன். வரல."

நெடுஞ்சாலையில் ஏறி ஏழாவது நிமிடம், "அம்மா, வருது."

அன்று மாலை பிரான்சில் ஷாலோனுக்கு வந்து சேர்ந்தார்கள். சோன் நதிக்கரையில் ஒரு கேம்பிங் திடல். தெற்கே போகிறவர்கள் ஒரு ராத்திரி தூங்கிவிட்டுக் கிளம்பும் இடம். மரங்கள் உண்டு, சின்னதாக ஒரு நீச்சல் குளம் உண்டு, எதிர்க்கரையில் ஊர். மறுநாள் காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு ஆர்டெஷ் என்று ஹெர்மீன் கணக்குப் போட்டு வைத்திருந்தாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு லிண்டெ சட்டையைத் தூக்கிக் காட்டினாள். "அம்மா, என் வயித்துல புள்ளி வந்திருக்கு."

வயிற்றில் ஆறு, முதுகில் பதினொன்று, காதுக்குப் பின்னால் ஒன்று. உடம்பு கொதித்தது. ஞாயிற்றுக்கிழமை. திறந்திருந்த ஒரே மருந்துக்கடையில் இருந்த அம்மாள் லிண்டெவின் முகத்தைப் பார்த்ததுமே தலையை ஆட்டிவிட்டாள். அவள் பிரெஞ்சில் சொன்ன வார்த்தை ஹெர்மீனுக்குத் தெரியாது. தெரியவும் வேண்டியிருக்கவில்லை. சின்னம்மை.

திடல் மேலாளர் மரியாதையான பெண்மணி. மன்னிப்புக் கேட்டுக் கேட்டே எல்லாவற்றையும் மறுத்தாள். தங்கலாம், ஆனால் குழந்தை குளத்துக்கு வரக்கூடாது. ஊஞ்சல் பக்கம் வரக்கூடாது. பொதுக் குளியலறை வேண்டாம். கொப்புளம் எல்லாம் காயும்வரை மற்றக் குழந்தைகளோடு சேரக்கூடாது. ஒரு வாரம் ஆகலாம், கூடவும் ஆகலாம். காய்ச்சலோடு இந்த வெயிலில் எண்ணூறு கிலோமீட்டர் திரும்பிப் போவது புத்திசாலித்தனம் இல்லை என்று டாக்டரும் போனில் சொல்லிவிட்டார்.

வோல்டருக்கு போன் செய்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவன், "பாவம் குட்டி. சரியாயிடும், ஹெர்மீன்" என்றான்.

"அந்த வார்த்தையை இன்னொரு தடவை சொன்னே, போனைத் தூக்கி ஆத்துல போட்டுடுவேன்."

வோல்டர் பேச்சை மாற்றினான். "யெல்லெவுக்கு ரெண்டு வயசுலயே வந்துடுச்சு. மெரெலுக்கு வந்திருக்கா?"

ஹெர்மீனுக்கு ஞாபகம் இல்லை. வோல்டருக்கும் இல்லை. பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மெரெல் கையைக் கட்டிக்கொண்டாள்.

"யெல்லெவுக்கு எந்த வயசுல வந்துச்சுன்னு தெரியுது. எனக்கு வந்துச்சா இல்லையான்னே தெரியல. அப்படித்தானே?"

"முதல் குழந்தைடி நீ. அப்ப எங்களுக்குத் தூக்கமே கிடையாது. ஒண்ணும் ஞாபகம் இல்ல."

"என் குழந்தைப் பருவத்துக்கு சாட்சியே இல்ல" என்றாள் மெரெல். கேரவனுக்குள் போய்த் திரையை இழுத்துவிட்டுக்கொண்டாள். அன்று மாலை வோல்டர் வீட்டு அலமாரியைக் குடைந்து பழைய தடுப்பூசி அட்டையைக் கண்டுபிடித்தான். மூன்று வயதில், மார்ச் மாதம், நன்றாகவே வந்திருக்கிறது. ஓரத்தில் ஹெர்மீனின் கையெழுத்தில், 'ரொம்ப சமத்தாக இருந்தாள்' என்று எழுதியிருந்தது. அதைச் சொன்னபோது மெரெல் கொஞ்சம் இறங்கி வந்தாள். ஆனால் திரை திறக்கவில்லை.

ஆர்டெஷ் திடல்காரர் இடத்தை மூன்று நாள் பிடித்து வைத்திருந்து, நாலாம் நாள் வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்.

ஒரு ராத்திரிக்கென்று இருக்கிற இடத்தில் நாள் கணக்கில் தங்குவது ஒரு தனி தண்டனை. காலை பத்து மணிக்குள் திடல் காலியாகிவிடும். மரத்தடியில் இவர்கள் கேரவன் மட்டும் நிற்கும். சாயங்காலம் புது வண்டிகள் வரும். வருவதில் பாதி இவர்கள் நாட்டு வண்டிகளே. இறங்கிக் காலை நீட்டிவிட்டு, ஒவ்வொருவரும் அதே கேள்வியோடு வருவார்கள்.

"தெக்க போறீங்களா, வீட்டுக்குத் திரும்பறீங்களா?"

"எங்கயும் போகல" என்பாள் ஹெர்மீன்.

"ஏன், இங்க என்ன இருக்கு?"

அதற்குள் லிண்டெ சட்டையைத் தூக்கிக் காட்டிவிடுவாள். வந்தவர்கள் ஓரடி பின்வாங்கி, வாழ்த்துச் சொல்லிவிட்டு, அடுத்த வரிசையில் இடம் தேடிக்கொள்வார்கள்.

லிண்டெவுக்கு மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டுவிட்டது. அது இன்னும் கஷ்டமாகிவிட்டது. உடம்பெல்லாம் வெள்ளைக் களிம்பு, தலையில் தொப்பி, வேலியைப் பிடித்துக்கொண்டு குளத்துப் பக்கமே பார்த்து நின்றாள். "நான் தண்ணியைத் தொடமாட்டேன். பக்கத்துல மட்டும் நிப்பேன்." "தொடமாட்டேன், கால் மட்டும்." "கால் மட்டும், ஒரே கால்." ஒரு நாளைக்கு இருபது முறை இந்தப் பேரம் நடந்தது. யெல்லெவுக்குக் குளத்துக்குப் போகத் தடையில்லை. ஆனால் அவன் போனால் லிண்டெ அழுவாள். போகாவிட்டால் அவன் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்வான். மெரெல் பகலெல்லாம் திரைக்குப் பின்னால் கிடந்தாள். டெர்ஸ்கெல்லிங்கிலிருந்து சிநேகிதிகள் அனுப்பும் படங்களைப் பார்ப்பாள், பெருமூச்சு விடுவாள். அந்தப் பெருமூச்சு கேரவனுக்கு வெளியே வரை கேட்கும். கேட்கவேண்டும் என்றுதான் விட்டாள்.

வியாழக்கிழமை வெயில் முப்பத்தாறு டிகிரி. மத்தியானம் ஹெர்மீன் பொதுத் தொட்டியில் பாத்திரம் கழுவி எடுத்துக்கொண்டு வந்தாள். யெல்லெ வழி மறித்தான்.

"அம்மா, கழிப்பறைத் தொட்டி ரொம்பிடுச்சு. சிவப்பு விளக்கு எரியுது. இன்னிக்குக் கொண்டுபோய்க் கொட்டறது மெரெல் முறை."

"நான் அதை யூஸ் பண்றதே இல்ல" என்று திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "நான் அங்க இருக்கற கழிப்பறைக்குத்தான் போறேன். யூஸ் பண்றவங்க கொட்டட்டும்."

"நேத்து காலைல நீ போனே! நான் பாத்தேன்!"

"கழிப்பறை வாசல்ல காவல் நிக்கிறியா? அருவருப்பா இல்ல உனக்கு?"

"போதும்" என்றாள் ஹெர்மீன். "ரெண்டு பேரும் சேந்து கொண்டுபோங்க."

"அது நியாயம் இல்ல" என்றார்கள் இரண்டு பேரும். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமை.

அப்போதுதான் கட்டிலைப் பார்த்தாள். லிண்டெ படுக்கை நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். காலைச் சாப்பாட்டுக்கு ரொட்டியில் தூவிக்கொள்ள வீட்டிலிருந்து கொண்டுவந்த சாக்லேட் துருவல், இரண்டு வாரத்துக்கான மூன்று டப்பாவும் போர்வை மேல் கொட்டியிருந்தது. அதில் கைவிரலால் கோடு கிழித்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் விளிம்பிலிருந்து தலையணை வரை எறும்பு வரிசை.

"இது பீச்" என்றாள் லிண்டெ. "எனக்குத்தான் தண்ணி கிடையாதே. மணல் மட்டும்."

ஹெர்மீன் பாத்திரங்களைக் கீழே வைத்தாள். கைத்துண்டை அதன் மேல் போட்டாள். கத்துவாள் என்று மூன்று பேரும் காத்திருந்தார்கள். அவள் கத்தவில்லை. "மெரெல், இவளைப் பாத்துக்கோ" என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டாள். மர வரிசையைத் தாண்டி, வாசல் கம்பத்தைத் தாண்டி, சாலைக்கு வந்துவிட்டாள். போன் கேரவனிலேயே கிடந்தது. எங்கே போகிறோம் என்று அவளுக்குத் தெரியாது.

பாலத்துக்கு முன்னால் ஒரு நிறுத்தம். நகரப் பேருந்து வந்து நின்றது. வண்டி தரையோடு தரையாகச் சாய்ந்து, கதவு திறக்கும் அந்தப் பெருமூச்சுச் சத்தத்தைக் கேட்டதும் அவள் கால் தானாக ஏறிவிட்டது. சட்டைப்பையில் சில்லறை இருந்தது. ஓட்டுநருக்கு நேர் பின்னால், முதல் சீட்டில் உட்கார்ந்தாள்.

ஓட்டுநர் பெண். ஐம்பதைத் தாண்டிய, குட்டையான முடி வைத்த, தோள் அகன்ற பெண். ஹெர்மீனுக்கு ஊரைப் பார்க்கத் தோன்றவில்லை. அந்தப் பெண்ணின் வலது காலைத்தான் பார்த்தாள். அழகாக பிரேக் போட்டாள். நிறுத்தத்துக்கு இருபது மீட்டர் முன்பே காலை எடுத்து, வண்டியைத் தானாக வழியவிட்டு, கடைசியில் பூப்போல அழுத்தினாள். நின்றிருந்த கிழவர் ஒருவர் கம்பியைக்கூடப் பிடிக்கவில்லை. வண்டியில் யாரும் அம்மா என்று கூப்பிடவில்லை. யாருக்கும் எதுவும் வரவில்லை. குளிர்ந்த காற்று மேலிருந்து இறங்கிக்கொண்டே இருந்தது. அப்படியே கடைசி நிறுத்தம் வரை போனாள்.

கடைசி நிறுத்தம் ஒரு பெரிய கடைக்குப் பின்னால் இருந்தது. எல்லோரும் இறங்கிவிட்டார்கள். ஓட்டுநர் திரும்பிப் பார்த்து, இதற்குமேல் போகாது என்று சொன்னாள். ஹெர்மீனின் பிரெஞ்சு ரொட்டிக் கடைக்கு மட்டும் போதுமானது. ஸ்டீயரிங் சுற்றுவதுபோல் இரண்டு கையாலும் காட்டி, தன் நெஞ்சைத் தொட்டு, "நானும். ஹாலந்து. பஸ்" என்றாள்.

அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. சட்டையில் ஒதில் என்று பெயர் குத்தியிருந்தது. எத்தனை மீட்டர் என்று கேட்டாள். பதினெட்டு என்றதும் உதட்டைப் பிதுக்கி மெச்சினாள். பிறகு இரண்டு பேரும் கையாலும் முகத்தாலும் இடுப்பு வலியைப் பற்றிப் பேசினார்கள். அதற்கு மொழி தேவைப்படவில்லை. விடுமுறையா என்று ஒதில் கேட்டாள். ஹெர்மீன் மூன்று விரலைக் காட்டினாள். அப்புறம் கையால் உயரம் காட்டினாள். இவ்வளவு, இவ்வளவு, இவ்வளவு. நாலு, பதினொன்று, பதினாறு. கடைசியாக மணிக்கட்டில் விரல் நுனியால் புள்ளி புள்ளியாக வைத்துக் காட்டினாள்.

ஒதில் இன்ஜினை அணைத்தாள். பைக்குள்ளிருந்து ஒரு பீச் பழத்தை எடுத்துக் கையாலேயே இரண்டாகப் பிளந்து, பெரிய பாதியைக் கொடுத்தாள். புறப்படுவதற்கு ஒன்பது நிமிடம் இருந்தது. இரண்டு பெண்களும் சாறு முழங்கை வரை வழியத் தின்றார்கள்.

திரும்பும்போது பாலத்து நிறுத்தத்தில் ஹெர்மீன் இறங்கவில்லை. ஒதிலும் கேட்கவில்லை. மறு முனை வரை போய், திரும்ப வந்து, இரண்டாவது சுற்றில்தான் இறங்கினாள். கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது.

நடக்க நடக்க நடை வேகமானது. காய்ச்சல் விட்ட குழந்தை, ஒரு பக்கம் நதி, ஒரு பக்கம் சாலை, பொறுப்புக்கு ஒரு பதினாறு வயது. என்ன மாதிரி அம்மா நான்? கடைசி ஐம்பது மீட்டர் ஓடினாள். கேரவன் கதவு விரியத் திறந்து கிடந்தது. உள்ளே யாரும் இல்லை. மெத்தை இல்லை, போர்வை இல்லை. வெளியே ஓடிவந்தாள்.

பக்கத்து இடத்தில் அன்று வந்திருந்த, இவர்கள் நாட்டு ஃப்ரீஸ்லாந்து மாகாணத்துக்காரர் சின்ன நாயோடு நிழலில் உட்கார்ந்திருந்தார். "பின்பக்கம் பாருங்க" என்றார், நிதானமாக.

கேரவனுக்குப் பின்னால் மெத்தை மரத்தில் சாய்த்து வைத்திருந்தது. போர்வை கொடியில் தொங்கியது. துணி துவைக்கும் வாளிகள் நாலும், பாத்திரம் கழுவும் பிளாஸ்டிக் தொட்டியும் வரிசையாகத் தண்ணீரோடு நின்றன. யெல்லெ குழாயிலிருந்து கூஜாவில் தண்ணீர் சுமந்துகொண்டிருந்தான். லிண்டெ ஒரு வாளியிலிருந்து அடுத்த வாளிக்குக் கால் மாற்றிக் கால் மாற்றி இறங்கி ஏறிக்கொண்டிருந்தாள். மெரெல் ஒரு கையால் அவளைப் பிடித்தபடி, மறு கையிலிருந்த போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா! எனக்கு அஞ்சு குளம் இருக்கு!" என்று கத்தினாள் லிண்டெ.

"துணி காயலையா இன்னும்?" என்றான் யெல்லெ, நிமிர்ந்துகூடப் பார்க்காமல். "மெஷின்கிட்ட ரொம்ப நேரம் வரிசையா?"

அவள் எங்கே போனாள் என்று அவனுக்குத் தெரியவே இல்லை. வழியெல்லாம் பட்ட குற்ற உணர்ச்சிக்கு இதுதானா மரியாதை என்று ஹெர்மீனுக்கு அழுவதா சிரிப்பதா என்று புரியவில்லை. மெரெலைப் பார்த்தாள். மெரெல் லிண்டெவை யெல்லெவின் கையில் ஒப்படைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

"அப்பா போன் பண்ணாரு" என்றாள் தாழ்ந்த குரலில். "அம்மா துணி துவைக்கப் போயிருக்கான்னு சொன்னேன். யெல்லெகிட்டயும் அதான் சொன்னேன்."

"மெரெல்..."

"பாலத்துல பஸ் போறப்ப முன்சீட்ல நீ உக்காந்திருந்த. ரெண்டு தடவை பாத்தேன். முதல் தடவை நீ இறங்கிடுவேன்னு நெனச்சேன். அப்புறம்தான் வாளியில தண்ணி ரொப்ப ஆரம்பிச்சேன்."

"கோவமா?"

மெரெல் யோசித்தாள். "கோவம் இல்ல. பொறாமை. தொட்டியையும் நான்தான் கொட்டினேன். சும்மா தெரிஞ்சுக்கோ."

அவளை இறுக்கி அணைத்துக்கொள்ளப் பார்த்தாள் ஹெர்மீன். "வெயில்மா, ஒட்டுது" என்று விலகிக்கொண்டாள் மெரெல். ஆனால் உடனே விலகவில்லை, இரண்டு நொடி கழித்து.

வெள்ளிக்கிழமை காலை ஹெர்மீன் தானாகவே மெரெலைக் கூப்பிட்டு, "பஸ் எடு. ஊருக்குப் போ. நாலு மணிக்கு வந்தா போதும்" என்றாள். எங்கே போகிறாய், யாரோடு பேசினாய், ஒன்றும் கேட்கவில்லை. நாலு இருபதுக்கு வந்தாள். தலைமுடி காதளவுக்குக் குட்டையாக வெட்டியிருந்தது. ஹெர்மீன் வாயைத் திறந்து, மூடிக்கொண்டாள். யெல்லெ சும்மா இருப்பானா? எனக்கு மட்டும் ஏன் இல்லை என்று ஆரம்பித்தான். பதினொரு வயதுப் பையனை அந்நிய ஊரில் தனியாக அனுப்ப முடியாது. இரண்டு மணி நேரம் குளத்தில் தனியாக, தங்கை கண்ணில் படாமல், யாரும் கூப்பிடாமல் என்று ஒப்பந்தமாயிற்று. உடனே லிண்டெ, "என் முறை எப்போ?" என்றாள்.

"உனக்கு என்ன வேணும்?"

"எல்லாரும் என்கூட இருக்கணும். ரெண்டு மணி நேரம்."

எல்லோரும் விட்டு ஓடப் பார்க்கிற நேரத்தில் அவள் கேட்டது அது ஒன்றுதான். கொடுக்க வேண்டியதாயிற்று. இரண்டு மணி நேரம் நாலு பேரும் மரத்தடியில் உட்கார்ந்து ஒரே சீட்டாட்டத்தை ஆடினார்கள். லிண்டெவுக்கு விதிகள் தெரியாது, ஆனால் ஜெயித்துக்கொண்டே இருந்தாள். யெல்லெ பல்லைக் கடித்துக்கொண்டு விட்டுக்கொடுத்தான்.

சனிக்கிழமை வோல்டர் தோளில் பையும் கையில் மூன்று டப்பா சாக்லேட் துருவலுமாக ரயிலடியில் இறங்கினான். கறுப்பாகக் காய்ந்த புண்களை லிண்டெ ஒவ்வொன்றாகக் காட்டினாள், பார்த்தான். மெரெலின் முடியைப் பார்த்தான். திடலுக்கு வந்து மரத்தடியில் சாய்வு நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு, சுற்றிலும் பார்த்துத் திருப்தியாகச் சொன்னான்:

"பாத்தியா, சரியாயிடுச்சு."

ஹெர்மீன் அவனை அப்போது பார்த்த பார்வைக்கு ஒரு பேருந்தே அடங்கியிருக்கும். வோல்டர் நாற்காலியை விட்டு எழுந்து, தான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டான். ஹெர்மீன் ஒரு பட்டியலே வைத்திருந்தாள்.

திங்கட்கிழமை மேலாளர் வந்து லிண்டெவைப் பார்த்து, இனி குளத்துக்கு வரலாம் என்றாள். ஹெர்மீன் அதற்குள் கேரவனைக் காரில் மாட்டிவிட்டிருந்தாள். தெற்கே வேறொரு திடலில் இடமும் கிடைத்திருந்தது. அப்போதுதான் பிள்ளைகள் ஆரம்பித்தார்கள். லிண்டெ குளத்து வேலியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். யெல்லெ, "இங்க வர்ற வண்டியோட நம்பர் மாதிரி அங்க கிடைக்காது. இது மெயின் ரோடு" என்றான். மெரெல், "இங்கயே இருக்கலாமே. ஊரு நல்லாதான் இருக்கு" என்றாள். ஒன்பது நாள் பெருமூச்சு விட்ட அதே வாய்.

"உங்களுக்காகத்தான் நான் எண்ணூறு கிலோமீட்டர் ஓட்டிட்டு வந்தேன்" என்றாள் ஹெர்மீன். "ஆறு இருக்கு. பாறை இருக்கு. உங்களுக்குக் காட்டணும்னு."

"எங்களுக்கா, உனக்கா?" என்றாள் மெரெல். குத்தலாக இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

ஹெர்மீன் கார் சாவியைக் கையில் எடுத்தாள். "எனக்கு" என்றாள். "சரியா? எனக்கு ஆத்துல குதிக்கணும். ஏறுங்க வண்டில."

லிண்டெவுக்குக் குளத்தில் ஒரு மணி நேரம் கொடுத்தார்கள். பிறகு கிளம்பினார்கள். ஆர்டெஷில் பாறை இருந்தது. முதல் நாளே ஹெர்மீன் உடுப்போடு அதன் உச்சிக்கு ஏறி, மூக்கைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். கரையில் மெரெல் முகத்தை மறைத்துக்கொண்டு, இவள் யாரோ எனக்குத் தெரியாது என்று பக்கத்திலிருந்த பெல்ஜியக்காரியிடம் சொன்னாள். மீதி நாளில் பாதி மழை. ஷாலோனில் ஒரு நாள்கூட மழை பெய்யவில்லை என்று யெல்லெ தினமும் ஞாபகப்படுத்தினான்.

அடுத்த கோடையில் மெரெல் டெர்ஸ்கெல்லிங் போனாள். ஹெர்மீன்தான் அவளைப் படகுத்துறையில் கொண்டுபோய் விட்டாள். ஒரு வாரம் கழித்து மற்ற நாலு பேரும் தெற்கே கிளம்பினார்கள். வோல்டர் பக்கத்தில் உட்கார்ந்து தூங்கினான். பின்சீட்டில் இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு ஜன்னல். நடுச்சீட்டில் ஒரு தலையணை. சண்டை இல்லை, பெருமூச்சு இல்லை. லக்சம்பர்க் எல்லையை நெருங்கும்போது அந்த அமைதி ஹெர்மீனைப் பிடித்துக்கொண்டது. கண்ணாடியில் பின்னால் பார்த்தாள். தலையணை தெரிந்தது. இனி வருடத்துக்கு ஒருவராகக் குறைந்துகொண்டே போவார்கள் என்று நினைத்ததும் கண் கலங்கி, சாலை கொஞ்சம் மங்கியது.

அந்த உருக்கம் சுமார் இருபது நிமிடம் நீடித்தது. அதற்குள் லிண்டெ தலையணை மேல் வாந்தி எடுத்துவிட்டாள்.